வெள்ளுடை வேந்தரின் ஓரணாக் கணக்கு



போன வருடம் நம் மெக்கானிக்கல் பிரிவு இண்டஸ்ட்ரியல் விசிட் முடிந்து திரும்பும்போது, சார் மனசு இளகி டி. நகரில் இரண்டு மணி நேரம் விட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எல்லாரும் ரங்கநாதன் தெருவுக்குள் புகுந்துவிட்டார்கள். என் பையில் திரும்பி வரும் செலவுக்கு மட்டும்தான் காசு இருந்தது. அதனால் நான் பனகல் பூங்காவில் பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. டி. நகர், டி. நகர் என்கிறோமே, அந்த டி யார்?

பைகளோடு திரும்பி வந்தவர்களிடம் கேட்டேன். ஒருவன் பாகவதர் என்றான். இன்னொருவன் திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள் என்று அடித்துச் சொன்னான். பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தோம், ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான் தெரியாது. மலர்க்குழு அண்ணன் ஒரு தலைவரின் வரலாறு எழுதித் தா என்று கேட்டபோது, தெரிந்த பத்துப் பேரை விட்டுவிட்டு இவரை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது. அது படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அவர் பெயர் சர் பிட்டி தியாகராயச் செட்டியார். பிட்டி என்பது குடும்பப் பெயர். 1852-ஆம் ஆண்டு பிறந்தவர். தெலுங்கு பேசும் தேவாங்கர் குலம், அதாவது பரம்பரை பரம்பரையாக நெசவு நெய்த குலம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் பி.ஏ. படித்தால் நேராக அரசாங்க உத்தியோகம்தான். சுற்றி வக்கீல்களும் தாசில்தார்களுமாக இருந்த ஊரில், இவர் திரும்பி வண்ணாரப்பேட்டைக்குப் போய்த் தறிக்கூடம் நடத்தினார். சுமார் நூறு தறிகள் ஓடியதாகச் சொல்கிறார்கள். அங்கே நெய்த கைக்குட்டைகள் பிட்டி மார்க் என்ற பெயரோடு கப்பலேறிப் போயின.

கைக்குட்டை என்றதும் சட்டைப் பையில் மடித்து வைக்கிற சின்னத் துண்டு என்று நினைத்துவிடக் கூடாது. மெட்ராஸ் கைக்குட்டை என்றால் கட்டம் போட்ட பெரிய துணி. மேற்கு ஆப்பிரிக்காவில் பெண்கள் தலையிலும் இடுப்பிலும் கட்டிக்கொள்ள அதற்கு ஏகப்பட்ட கிராக்கி. நம்ம புதுச்சேரியிலிருந்தும் அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணி செனகல் நாட்டுக்குக் கப்பல் கப்பலாகப் போயிருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் வாஸ்கோடகாமா வந்தார், டூப்ளே வந்தார் என்று வந்தவர்களைத்தான் படித்தோம். இங்கிருந்து போன துணியைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை.

மெக்கானிக்கல் மாணவன் என்பதால் ஒரு விஷயத்தை இங்கே கொஞ்சம் நீட்டிச் சொல்ல ஆசை. பழைய குழித்தறியில் நெசவாளி ஒரு கையால் நாடாவை எறிந்து மறு கையால் பிடிப்பார். நாடா என்பது ஊடை நூல் சுற்றிய கட்டை, படகு மாதிரி இருக்கும். இரண்டு கைக்கு எட்டுகிற அகலத்துக்கு மேல் துணி நெய்ய முடியாது, வேகமும் வராது. 1733-இல் ஜான் கே என்ற ஆங்கிலேயர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தறியின் இரண்டு பக்கமும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் நாடாவை உதைக்கிற கட்டை, இரண்டையும் இணைத்து நடுவில் ஒரு கயிறு. கயிற்றைச் சுண்டினால் கட்டை உதைக்கும், நாடா தானாக அந்தப் பக்கம் பறந்து போய்ப் பெட்டியில் விழும். மறுபடி சுண்டினால் இந்தப் பக்கம் வந்துவிடும். ஒரு கை மிச்சம். அந்தக் கை அச்சுப்பலகையை அடித்துக்கொண்டே இருக்கலாம். மோட்டார் கிடையாது, கரண்டு கிடையாது, ஆனால் ஒரே ஆள் முன்னைவிடப் பல மடங்கு துணியை இறக்கலாம். இந்த விசைநாடா நம் பக்கத்துக் கைத்தறியில் பரவப் பாடுபட்டவர்களில் தியாகராயரும் ஒருவர்.

இதை எனக்கு விளக்கியது எங்கள் தாத்தா. புத்தகத்தில் படித்தபோது படம் இருந்தும் புரியவில்லை. தாத்தா புதுச்சேரியில் ஒரு மில்லில் நெசவுப் பிரிவில் இருந்தவர். முப்பது வருடம் தறிச் சத்தத்தில் நின்று காது மந்தமாகிவிட்டது. நான் கத்திக் கத்திக் கேட்க, அவர் திண்ணையில் உட்கார்ந்து ஒரு துடைப்பக் குச்சியையும் சணல் கயிற்றையும் வைத்து நாடா எப்படிப் பறக்கும் என்று காட்டிவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அன்றைக்கு அவர்தான் எனக்கு லெக்சரர்.

வியாபாரி என்றால் கடையோடு இருந்திருக்கலாம். இவர் 1882-இல், முப்பதாவது வயதில், சென்னை மாநகராட்சியில் உறுப்பினராகப் போனார். சுமார் நாற்பது வருடம் அந்த மன்றத்தை விடவில்லை. தென்னிந்திய வர்த்தகச் சபை 1909-இல் உருவானபோது அதை நிறுவியவர்களில் ஒருவர், பிறகு அதன் தலைவராகவும் பல வருடம் இருந்தார். ஆனாலும் அவர் மனசு கிடந்தது குழாய், சாக்கடை, தெருவிளக்கு, பள்ளிக்கூடம் இவற்றில்தான். சட்டசபைக்குப் போய் முழங்குகிறவருக்குக் கிடைக்கிற கைதட்டு சாக்கடை பற்றிப் பேசுகிறவருக்குக் கிடைக்காது. நாற்பது வருடம் அதைப் பேசுவதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

ஒரு சின்ன இடைச்செருகல். வெள்ளைக்காரன் சென்னையில் மாநகராட்சி நடத்திய காலத்தில், பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்த நம் வில்லியனூருக்கும் பாகூருக்கும்கூட 1880-லேயே கொம்யூன் வந்துவிட்டது, தேர்தலும் வந்துவிட்டது. பிற்காலத்தில் 1968-க்குப் பிறகு முப்பத்தெட்டு வருடம் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளாக எங்கள் தெருவுக்கென்று ஒரு கவுன்சிலரை நான் பார்த்ததில்லை. தெருவில் தண்ணீர் நின்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்று அம்மா கேட்கும்போது, தியாகராயர் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலியின் மதிப்பு எனக்குப் புரிகிறது.

இனி அரசியலுக்கு வருவோம். காங்கிரசில் முதலில் ஈடுபாடு கொண்டிருந்தவர்தான். கோவில் பக்தி மிக்கவர். ஆனால் ஒரு கோவில் குடமுழுக்குக்குப் பத்தாயிரம் ரூபாய் நன்கொடை கொடுத்தும் அவரை மேடையில் ஏற விடாமல் கீழே நிறுத்திவிட்டார்கள், அவரிடம் சம்பளம் வாங்கிய கணக்கர் சாதியால் மேலே இருந்தார் என்று ஒரு சம்பவத்தை நீதிக்கட்சி வரலாறு பேசுகிறவர்கள் சொல்வார்கள். 1916-இல் நின்ற தேர்தலிலும் தோற்றார். அந்தக் காலத்தில் உத்தியோகங்கள் எப்படிப் பங்கிடப்பட்டிருந்தன என்பதற்கு நம் துறைக் கணக்கையே சொல்கிறேன். சென்னை மாகாணத்தில் இருபது வருடங்களில் உதவிப் பொறியாளர் போட்டித் தேர்வில் தேறிய 21 பேரில் 17 பேர் பிராமணர்கள். ஜனத்தொகையில் அவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். மீதி எல்லாச் சாதிக்கும் சேர்த்து நாலு இடம். யார் மீதும் கோபத்தில் இதை எழுதவில்லை. இன்று நம் வகுப்பில் வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போது வருகிற பெயர்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள், அந்தக் கணக்கு எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியும்.

மாநகராட்சியில் தியாகராயரும் டாக்டர் டி.எம். நாயரும் எதிரும் புதிரும். ஒருவர் கிழக்கு என்றால் மற்றவர் மேற்கு. இவர்களைச் சேர்த்து வைத்த பெருமை டாக்டர் நடேச முதலியாருக்கு. அவர் திருவல்லிக்கேணியில் வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி நடத்தியவர். ஹாஸ்டல் மாணவர்கள் இவரை மறக்கக்கூடாது. 1916 நவம்பர் 20-இல் வேப்பேரியில் வக்கீல் எத்திராஜ முதலியார் வீட்டில் சுமார் முப்பது பேர் கூடினார்கள். அங்கே தொடங்கியதுதான் தென்னிந்திய நல உரிமைச் சங்கம். அடுத்த மாதம் தியாகராயர் கையெழுத்தோடு பிராமணரல்லாதார் கொள்கை அறிக்கை வெளிவந்தது. 1917-இல் ஆங்கிலத்தில் ஜஸ்டிஸ், தமிழில் திராவிடன் என்று பத்திரிகைகள் வந்தன. ஜனங்கள் அந்தப் பத்திரிகைப் பெயரையே கட்சிக்கு வைத்து நீதிக்கட்சி என்று கூப்பிட்டார்கள்.

1919-இல் நாயர் லண்டனில் இறந்துபோனார். பாரம் முழுவதும் தியாகராயர் தோளில். 1920 கடைசியில் தேர்தல். 98 இடங்களில் 63-ஐ நீதிக்கட்சி பிடித்தது. காங்கிரஸ் தேர்தலில் நிற்கவில்லை, வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு, இதையும் சேர்த்துத்தான் சொல்லணும். கவர்னர் வில்லிங்டன் பிரபு தியாகராயரைக் கூப்பிட்டு மந்திரிசபை அமைக்கச் சொன்னார். அறுபத்தெட்டு வயது மனிதர், கட்சியின் தலைவர், கையில் பெரும்பான்மை. இவர் வேண்டாம் என்றுவிட்டார்.

முதல் மந்திரி பதவிக்குப் போனவர் கடலூர்க்காரரான அகரம் சுப்பராயலு ரெட்டியார். நம் பாகூர் எல்லையைத் தாண்டினால் கடலூர். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சென்னை மாகாணத்தின் முதல் முதல்மந்திரியாக இருந்தார் என்று நான் சொன்னபோது எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. உடல்நலம் கெட்டு 1921-லேயே அவர் விலகிக்கொள்ள, பனகல் அரசர் வந்தார். பெண்களுக்கு ஓட்டுரிமையும் வகுப்புவாரி அரசாணையும் 1921-இல் வந்தன. நான் பெஞ்சில் உட்கார்ந்த பூங்கா இந்தப் பனகல் அரசர் பெயரில்தான். பூங்காவும் அதைச் சுற்றிய நகரும் 1920-களில் ஏரியைத் தூர்த்து உருவாக்கியவை.

மந்திரி பதவியை வேண்டாம் என்றவர் மாநகராட்சித் தலைவர் பதவியை மட்டும் ஏற்றுக்கொண்டார். சென்னை மாநகராட்சி 1688-இல் தொடங்கியது. அதிகாரியாக இல்லாத ஒருவர் தேர்தல் மூலம் அதன் தலைவராக வந்தது இவரோடுதான் ஆரம்பம். 1922-இல் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது நகரத் தலைவர் என்ற முறையில் வரவேற்க வேண்டியவர் இவர். அதற்கென்று கோட்டு, சூட்டு என்று உடை விதி உண்டு. இவர் வழக்கமான வெள்ளை வேட்டி, வெள்ளை அங்கி, வெள்ளைத் தலைப்பாகையோடுதான் வருவேன் என்று நின்று, அதற்கு விலக்கும் வாங்கிவிட்டதாகச் சொல்வார்கள். வெள்ளுடை வேந்தர் என்ற பட்டப்பெயர் அப்படி நிலைத்தது. ஒரு நெசவாளி தன் துணியை விட்டுக்கொடுக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது நான் பின்னால் சொல்வதாகச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன்.

1920-இல் மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பகல் சிற்றுண்டி தருவது. செலவு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக் கூடாது. தலைவர் தியாகராயர் அதற்குச் சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது. அங்கே வருகிற பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியில் பிள்ளைகளின் எண்ணிக்கை பாதிக்கப்படுகிறது, அவ்வளவுதான். கூடம் கட்டியாச்சு, வாத்தியார் சம்பளம் கொடுத்தாச்சு, பிள்ளை வரவில்லை என்றால் எல்லாம் வீண் செலவு. ஏன் வரவில்லை? வயிறு. தறிக்கூடம் நடத்தியவர் கணக்கு அது. தறி இருக்கிறது, நூல் இருக்கிறது, ஆள் வராவிட்டால் துணி வருமா?

ஓரணா என்றால் நம் காசில் ஆறேகால் பைசா. பதினாறு அணா ஒரு ரூபாய். நூறு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஆறு ரூபாய் நாலணா. நான் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பள்ளியில் ஆரம்பித்தது இன்னும் நாலு பள்ளிகளுக்குப் போனது. பிள்ளைகள் கூடினார்கள். அப்புறம் 1925-இல் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்துவிட்டது, திட்டம் நின்றது. அதே ஆண்டில்தான் தியாகராயரும் காலமானார்.

நின்றது நின்றபடி இருக்கவில்லை. நம் புதுச்சேரியில் 1930-லேயே பிரெஞ்சு அரசு பள்ளிக்கூடத்தில் மதிய உணவு கொண்டு வந்தது. இந்தியாவிலேயே பழைய திட்டங்களில் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் 1956-இல் காமராசர், 1982-இல் எம்.ஜி.ஆர். 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் சமைத்த உணவு கொடுத்தே ஆகணும் என்று உத்தரவு போட்டது. 2022-இல் தமிழ்நாட்டில் காலை உணவும் வந்தது.

நான் வில்லியனூரில் அரசுப் பள்ளியில் படித்தவன். அப்பா கொத்தனார், அம்மா நடவுக்கும் களைக்கும் போகிறவர். அப்பாவுக்குச் சித்தாளோடு சித்தாளாக வேலை இருக்கிற நாளும் உண்டு, மழைக்காலத்தில் ஒரு மாதம் வேலையே இல்லாத நாளும் உண்டு. பள்ளியில் சோறு போட்ட நாளெல்லாம் நான் சாப்பிட்டேன். பெரிய வகுப்புக்கு வந்த பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வெட்கம் வந்தது. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டு வருகிறவன் ஒருவன் ஓசிச்சோறு என்று கேலி செய்தான். நாலு நாள் பசிக்கலை என்று சொல்லிப் பட்டினி கிடந்தேன். ஐந்தாம் நாள் கணக்கு வகுப்பில் தலை சுற்றியது. மறுநாள் பேசாமல் தட்டோடு போய் நின்றுவிட்டேன். இதை எழுத வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். நம் கல்லூரியிலேயே அந்த வரிசையில் நின்றவர்கள் பாதிப் பேராவது இருப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் அம்மா அஞ்சாவதோடு நின்றவர். அந்த அஞ்சாவது வரை போனதும், சோறு போடுகிறார்களாம், ஒரு வாய் மிச்சம் என்று பாட்டி அனுப்பியதால்தான். இந்தக் கட்டுரையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஓரணா இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். அந்தச் செட்டியாருக்குப் பிள்ளை குட்டி எத்தனை, பசி தெரிந்தவரா என்று கேட்டார். வசதியான வீடுதான் அம்மா என்றேன். அப்படியிருந்தும் தோணியிருக்கு பாரு என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குறையையும் எழுத வேண்டும். 1921-இல் சென்னை பக்கிங்காம் கர்நாடிக் மில்லில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், மற்றவர்கள் வெளியே நின்றார்கள். புளியந்தோப்பில் கலவரம், குடிசைகளுக்குத் தீ, துப்பாக்கிச்சூடு. அந்த நேரத்தில் நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிட மக்கள் பக்கம் நிற்கவில்லை, அரசு அவர்களுக்குச் சலுகை காட்டுகிறது என்றுதான் குற்றம் சாட்டினார்கள். மனம் கசந்த எம்.சி. ராஜா 1923-இல் கட்சியை விட்டு வெளியேறினார். எல்லாருக்கும் நீதி என்று ஆரம்பித்த கட்சி, ரொம்பக் கீழே இருந்தவர்களை அன்று கைவிட்டது. தலைவராக இருந்த தியாகராயருக்கு அதில் பொறுப்பு இல்லை என்று என்னால் எழுத முடியாது.

இதைத் தாத்தாவிடம் கத்திச் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு 1936 ஜூலை 30 பற்றிப் பேச ஆரம்பித்தார். நம் ஊர் மில் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சுப் போலீசின் துப்பாக்கிக்குப் பலியான நாள். அவர் பிறப்பதற்கு முந்திய சங்கதி, மில்லில் மூத்தவர்கள் சொல்லக் கேட்டது. அந்தப் போராட்டத்தால்தான் எட்டு மணி நேர வேலை வந்தது. மில்லில் எல்லாச் சாதியும் ஒரே தறி வரிசையில்தான் நின்றோம், ஆனா தண்ணிப் பானை மட்டும் கொஞ்ச காலம் வேற வேறயா இருந்ததாம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

தியாகராயர் வண்ணாரப்பேட்டையில் பள்ளி வைத்தார். அவர் பெயரில் 1950-இல் அங்கே ஒரு கல்லூரி வந்தது. டி. நகருக்கு அவர் பெயர் இருக்கிறது, ஆனால் முதலெழுத்தாகச் சுருங்கி, கடைகளின் விளம்பரப் பலகைகளுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வளாகத்தில் அவருக்குச் சிலை உண்டு. சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

இந்த வருட இண்டஸ்ட்ரியல் விசிட்டும் சென்னைக்குத்தான் என்று பேச்சு அடிபடுகிறது. டி. நகருக்குப் பதில் ரிப்பன் மாளிகைக்கு அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லி சாரிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன். கூட வருகிறவர்கள் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் என்னிடம் பெயர் கொடுங்கள். இதுவரை மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம். பாகவதர் என்று சொன்னவனும் அதில் ஒருவன்.